வித்துக் காக்கும் முறை: சேலம், நாமக்கல் புஞ்சைக் குடியானவர்களுக்கு

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் மானாவாரிச் சாகுபடி செய்யும் குடியானவருக்கு நிலமும் மாடும் எவ்வளவு அவசியமோ, மழை பெய்த அன்றே விதைப்பதற்கு நல்ல வித்து வீட்டில் இருப்பதும் அவ்வளவு அவசியம். நிலத்தைக் குத்தகைக்குப் பெறலாம். உழவுக்கு ஆளையும் இயந்திரத்தையும் கூலிக்கு அமர்த்தலாம். பருவம் தவறாமல் பெய்த மழைக்கு ஏற்ற வித்து மட்டும் அன்றைய தினம் கடையில் கிடைக்குமென்பது நிச்சயமில்லை. ஆகையால் முன்னோர்கள் உணவுத் தானியத்தை ஒரு விதமாகவும், வித்துத் தானியத்தை வேறொரு விதமாகவும் காத்து வந்தனர். அம்முறைகள் யாவை, அவை எக்காரணத்தால் பயன் தருகின்றன, அவற்றில் திருத்தத் தக்கவை எவை என்பன இங்கு ஒழுங்காக விவரிக்கப்படுகின்றன.

1. நிலமும் பருவமும்

இச்சமவெளிக்கு வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கல்வராயன் மலை, போதமலை, கொல்லிமலை ஆகியவையும், மேற்கே காவேரி நதியும் எல்லைகளாக அமைந்துள்ளன. பரமத்தி வேலூர், மோகனூர் முதலிய இடங்களில் காவேரிப் பாய்ச்சல் உண்டு. ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு, இராசிபுரம், ஆத்தூர் பக்கங்களில் பெரும்பகுதி கிணற்றுப் பாசனத் தோட்டமும் மானாவாரிக் காடுமேயாம். மண் பெரும்பாலும் செம்மண். கரிசல் ஆங்காங்கே மட்டும் காணப்படும்.

செம்மண் நிலம் மழைநீரை விரைவில் உள்ளே வாங்கும். அதே விரைவில் ஈரத்தை இழக்கும். நல்ல மழை பெய்தபின் விதைப்புக்கு ஏற்ற ஈரம் மேல்மண்ணில் சில நாட்களே தங்கும். அந்த நாட்களுக்குள் உழுது விதைத்தவருக்குப் பயிர் உண்டு. தாமதித்தவர் மறு மழையை எதிர்நோக்க வேண்டியதுதான்.

தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டினாலும் இங்கு மழை கிடைப்பது ஒரு வசதி. சித்திரை, வைகாசி மாதங்களில் பெய்யும் கோடை மழையில் புழுதி உழவு நடக்கும். ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை, கேழ்வரகு, சோளம், துவரை, ஆமணக்கு முதலியன விதைக்கப்படும். ஆடி மழை தவறினாலும், விதைத்த பயிர் காய்ந்துபோனாலும், புரட்டாசியில் கொள்ளு விதைக்கலாம். சுமார் 70 நாளில் விளையும் பனிவரகும், 80 முதல் 90 நாட்களில் விளையும் சாமையும் உண்டு. முதற் பட்டத்தின் நஷ்டத்தை இரண்டாம் பட்டத்தில் ஓரளவு ஈடு செய்வது இவ்வாறுதான். ஆனால் இந்த இரண்டாம் வாய்ப்பு வித்துப் பானையில் இருப்பு வைத்தவருக்கே உண்டு. நகரத்து விதைக்கடைகளில் மக்காச்சோளமும் பருத்தியும் காய்கறி விதைகளும் தாராளமாகக் கிடைக்கும். உள்ளூர்க் கொள்ளும் சாமையும் மழைக்கு மறுநாள் அங்கே அகப்படுவது அரிது.

2. வித்துக்கள் குறைந்து வந்த காரணங்கள்

கேழ்வரகு, சோளம், கம்பு, சாமை ஆகியவையே முற்காலத்தில் இப்பகுதி ஜனங்களின் முக்கிய ஆகாரம். இன்று இவற்றின் பரப்புச் சுருங்கியதற்குக் குடியானவரைக் குறை கூறுவது நியாயமாகாது. 1940-களில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தோன்றியது; 1981-ல் அதற்கெனக் கூட்டுறவு விற்பனைச் சங்கமும் ஏற்பட்டது; மரவள்ளிக்கு நிலையான கிராக்கி உண்டாயிற்று. நாமக்கல் கோழிப்பண்ணைகள் பெருகவே, தீவனத்திற்கு மக்காச்சோளம் தேவைப்பட்டது. நியாயவிலைக் கடைகளில் அரிசி கிடைத்தமையால் சமையலும் மாறியது. பணம் தரும் பயிரைக் குடியானவர் நாடுவது இயற்கையே.

மற்றொரு காரணமும் உண்டு. அது அதிகமாகக் கவனிக்கப்படுவதில்லை. கேழ்வரகைக் கதிரடித்துத் தூற்றிய பின் நேரே திரிகையில் அரைத்துவிடலாம். சாமை, வரகு, பனிவரகு ஆகியவற்றுக்கோ கெட்டியான உமி உண்டு. அவற்றை உரலில் இட்டு நெடுநேரம் குற்றிப் புடைத்தால்தான் அரிசி கிடைக்கும். இந்தப் பிரயாசை முழுவதும் பெண்கள் மேலேயே விழுந்தது. அரிசி எளிதில் கிடைத்ததும் சாமை உரலை விட்டு நீங்கியது. பின்னர் காட்டை விட்டும் நீங்கியது. கேழ்வரகு இன்றும் பல ஊர்களில் நிலைத்திருப்பதற்கு அதன் உமி எளிதில் நீங்குவதும் ஒரு காரணமாகும்.

இதற்கு அருகிலுள்ள கொல்லிமலையே தக்க சாட்சி. அங்கு சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றில் பல உள்ளூர் ரகங்கள் வழங்கி வந்தன. மரவள்ளி பரவியபோது அவற்றின் பரப்பு வெகுவாகக் குறைந்தது. 1988-ல் சென்னையில் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அம்மலைக் குடியானவர்களுடன் சேர்ந்து இவ்விஷயத்தில் உழைத்தது. கிராமந்தோறும் வித்து வைப்பகங்கள் அமைப்பதோடு அந்நிறுவனம் நிற்கவில்லை. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வைக்கவும், மாவு முதலிய பண்டங்கள் செய்து விற்கவும் ஏற்பாடு செய்தது. உண்பாரும் வாங்குவாரும் இல்லாத தானியத்தின் வித்து நெடுங்காலம் நிலைக்காது என்பதே அம்முயற்சி கற்பிக்கும் பாடம். 2023-ம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையால் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் நியாயவிலைக் கடைகள் வாயிலாகக் கேழ்வரகு வழங்கும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. சந்தை மீண்டும் திரும்பும் இக்காலத்தில் உள்ளூர் வித்து கையில் இல்லாத கிராமம் அதன் பயனை அடைய முடியாது.

3. வித்தெடுக்கும் முறை

வித்துக்குரிய கதிரைக் களத்துக் குவியலில் தேடலாகாது. நிற்கும் பயிரிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். களத்திற்கு வந்தபின் எந்தக் கதிர் எந்தச் செடியினது, அச்செடி வறட்சியைத் தாங்கியதா, நோய் கண்டதா என்பது தெரியாமற் போகும். வரப்போரத்துச் செடிக்கு இடமும் எருவும் கூடுதலாகக் கிடைப்பதால் அது செழித்துத் தோன்றும். அச்செழிப்பு இடத்தினால் வந்ததேயன்றிக் குலத்தினால் வந்ததன்று. ஆகவே வயலின் நடுப்பகுதியில், மற்றச் செடிகளைப் போலவே நெருங்கி நின்றும் நன்றாக விளைந்த செடிகளையே பொறுக்குதல் வேண்டும்.

பயிருக்குப் பயிர் கவனிக்க வேண்டியது வேறுபடும். கேழ்வரகு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். பக்கத்து நிலத்தில் வேறு ரகம் இருந்தாலும் கலப்பு மிகக் குறைவு. சோளத்தில் கலப்புச் சற்று அதிகம். துவரை தேனீக்களால் நன்றாகக் கலக்கும். கம்பும் ஆமணக்கும் பெரிதும் அயல் மகரந்தத்தால் கருவுறுபவை. ஆகையால் கம்பில் பத்துப் பன்னிரண்டு பெருங்கதிர்களை மட்டும் வித்துக்கு வைத்தால், சில தலைமுறைகளில் பயிரின் வீரியம் குன்றும். அதில் சில நூறு கதிர்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து வைப்பதே உசிதம்.

மானாவாரிச் சோளத்திற்கு ஏக்கருக்கு 6 கிலோ வித்துத் தேவைப்படும். ஒரு கதிரில் 30 கிராம் தானியம் என்று கொண்டால், 200 கதிர்கள் ஓர் ஏக்கருக்குப் போதும்; மறுவிதைப்புக்கும் சேர்த்து 400 கதிர்கள் பொறுக்க வேண்டும். இரண்டு ஆட்களுக்கு அரை நாள் வேலைதான். கேழ்வரகோ மிக நுண்ணிய தானியம். ஆயிரம் மணிகளின் எடை சுமார் 2.5 கிராம். ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 லட்சம் மணிகள் இருக்கும். ஆகவே ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ வித்தே போதுமானது.

தேர்வின் நோக்கமும் தெளிவாயிருத்தல் வேண்டும். தானிய எடை ஒன்றையே கருதலாகாது. தட்டை மாட்டுக்கு உகந்ததா, களியும் கூழும் நன்றாக அமைகின்றனவா, மழையில் நனைந்தால் கதிர் பூசணம் பிடிக்கின்றதா என்பவையும் குடும்பத்தின் லாப நஷ்டத்தைச் சேர்ந்தவை. தலைவிரிச்சான் போன்ற சோள ரகங்களின் விரிந்த கதிர் மழைக்குப்பின் விரைவில் உலர்ந்துவிடும். நெருங்கிய கதிரில் ஈரம் தங்கிப் பூசணம் பற்றும். இத்தகைய குணங்களை அனுபவமுள்ள முதியோர் நன்கறிவர்.

கோயமுத்தூரில் 1923-ல் சிறுதானிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டு, ஜி. என். ரங்கசுவாமி ஐயங்கார் அதன் வேலையை நடத்தியபோது, ராஜதானியின் பல இடங்களிலிருந்தும் குடியானவர்களுடைய ரகங்களைச் சேகரித்தே ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. ஆராய்ச்சி நிலையத்தின் சிறந்த ரகத்திற்கும் மூலம் குடியானவரின் வித்துப் பானையே என்பதை இதனால் அறியலாம்.

4. உலர்த்துதல்

வித்து கெடுவதற்கு முதற் காரணம் ஈரம். உயிருள்ள வித்து மூச்சு விடும். ஈரம் மிகுந்தால் அம்மூச்சும் மிகும். அதனால் உஷ்ணம் உண்டாகி முளை கெடும். பூசணமும் பூச்சியும் அந்த ஈரத்தைப் பற்றியே பெருகும். வித்தின் ஈரம் நூற்றுக்கு 14 பங்கிலிருந்து 5 பங்கு வரையுள்ள எல்லையில், ஒவ்வொரு பங்கு குறையும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது ஹாரிங்டன் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்த பொது விதி. தானிய வித்துக்கு 12 பங்குக்கு மேற்படாமலும், பயறு வித்துக்கு 9 அல்லது 10 பங்குக்கு மேற்படாமலும் ஈரம் இருத்தல் நலம்.

கேழ்வரகுக் கதிர்களைக் களத்தில் அம்பாரமாகக் குவித்துச் சில நாள் வைத்துப் பின் அடிப்பது வழக்கம். உட்சூட்டினால் மணி எளிதில் உதிர்வதே அதன் பலன். உணவுக்கு அது தகும். வித்துக்குரிய கதிர்களை மட்டும் அம்பாரத்தில் சேர்க்காமல் தனியே பரப்பி உலர்த்த வேண்டும்.

வித்தைக் காலை 8 மணியிலிருந்து 12 மணி வரையும், மாலை 3 மணிக்கு மேலும் வெயிலில் காயவைத்து, உச்சி வேளையில் நிழலுக்கு மாற்றுதல் நன்று. சிமெண்டுத் தளமும் தார்ச் சாலையும் மிகச் சூடேறுமாதலால் அவற்றின்மேல் நேராகப் பரப்பாமல், பாயோ சாக்கோ விரித்து அதன்மேல் பரப்ப வேண்டும். சாலையில் கதிரைப் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அரைபட விடும் பழக்கம் வித்துக்குச் சிறிதும் ஆகாது. மணியில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டாகி முளைப்பு குறையும்.

மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துக் காய்ச்சலை அறிவது பழைய முறை. அதனுடன் இன்னொரு சோதனையும் செய்யலாம். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் காய்ந்த பொடியுப்புச் சிறிதும், வித்துச் சிறிதும் இட்டு மூடிச் சில நிமிஷம் குலுக்க வேண்டும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 பங்குக்கு மேல் உள்ளதென்று அறிக. ஒட்டாவிட்டாலும் மேலும் ஓரிரு நாள் உலர்த்திய பின்பே பானையில் இடுதல் பத்திரம்.

5. வைப்பு முறைகள்

(அ) சோளமும் கம்பும். வித்துக் கதிர்களை உதிர்க்காமல் கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே உத்திரத்தில் தொங்கவிடுவது பழைய வழக்கம். அடுப்பின் அனல் ஈரத்தை நீக்கும். புகை மூக்கு வண்டையும் அந்துப்பூச்சியையும் அண்டவொட்டாது. எரிவாயு அடுப்பு வந்தபின் அடுக்களையில் புகையில்லை. பெண்களின் கண்ணுக்கும் மார்புக்கும் அது பெரிய நன்மை. ஆயின் வித்துக் கட்டைப் பழைய உத்திரத்திலேயே தொங்கவிட்டால் பயனில்லை என்பதை உணர வேண்டும். நன்றாக உலர்த்தி, உதிர்த்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைப்பதே அதற்கு மாற்று.

(ஆ) கேழ்வரகும் சாமையும். கேழ்வரகு மணி மிகச் சிறியதாதலால் பூச்சிகள் அதை அதிகமாகத் தாக்குவதில்லை. ஆகையால்தான் அது பல ஆண்டுகள் சேமிக்கத்தக்க தானியமென்று பெயர் பெற்றது. சாமைக்கு அதன் உமியே கவசம். இவ்விரண்டையும் மண்பானையிலிட்டு, வாயை மூடிச் சாணமும் மண்ணும் பூசி வைத்தால் போதும். உலர்ந்த நொச்சி இலையையும் வேப்பிலையையும் இடையிடையே இடுவதுண்டு. இலைகளை நிழலில் முற்றும் உலர்த்திய பின்பே சேர்க்க வேண்டும். பச்சையிலை ஈரத்தைக் கொண்டுவரும்.

(இ) பயறு வகைகள். துவரை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை ஆகியவற்றுக்குப் பயறு வண்டே பரம சத்துரு. காட்டில் காயின்மேலேயே அது முட்டையிடத் தொடங்கும். வீட்டிற்கு வந்த பயற்றின் வழவழப்பான தோலில் மேலும் முட்டையிடும். புழு பயற்றைத் துளைத்து உள்ளிருந்தே தின்று வண்டாக வெளிவரும். ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். பழைய முறைகள் யாவும் இவ்வண்டின் இந்த நடத்தையை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

சலித்த விறகுச் சாம்பலையோ சாணச் சாம்பலையோ பயற்றுடன் தாராளமாகக் கலந்து வைத்தால், மணிகளின் இடைவெளி நிரம்பி வண்டு நடமாட முடியாமற் போகும்; அதன் மேல்தோலும் தேய்ந்து உடல் நீரற்று மடியும். மேற்கு ஆப்பிரிக்கக் குடியானவர்களும் தட்டைப்பயற்றை இவ்வாறே சாம்பலிட்டுக் காக்கின்றனர். கடலுக்கு அப்பாலும் அனுபவம் ஒன்றாகவே இருப்பது கவனிக்கத்தக்கது. செம்மண் பூசுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. தோலின் வழவழப்பை அது மறைத்துவிடும். பருப்பு உடைப்பதற்காகத் துவரையைச் செம்மண் நீரில் ஊறவைப்பது வேறு, வித்துக்காக மண் பூசுவது வேறு. வித்தை ஊறவைத்தால் முளை கெடும். குழம்பாகக் கரைத்த செம்மண்ணை மேலே இலேசாகப் புரட்டி, அன்றே நன்றாக உலர்த்திவிட வேண்டும்.

இந்த ஜில்லாக்களில் விளையும் ஆமணக்கின் எண்ணெயும் பயனுள்ளது. ஒரு கிலோ பயற்றுக்கு 5 முதல் 10 மில்லி லிட்டர் வரை தடவினால் முட்டைகள் மூச்சடைத்து மடியும். வேப்பங்கொட்டைப் பருப்புத் தூளை 100 கிலோவிற்கு 3 கிலோ வீதம் வித்துடன் கலக்கலாம். கசப்பினால் அது உணவுக்கு உதவாது.

சில குடும்பங்களில் அமாவாசைதோறும் வித்துப் பானையைத் திறந்து வெயிலில் காயவைக்கும் வழக்கம் உண்டு. வண்டின் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம் என்று மேலே கூறியதுடன் இதைச் சேர்த்துப் பார்த்தால் வழக்கத்தின் பயன் விளங்கும். ஒரு தலைமுறை முதிர்ந்து மறு தலைமுறைக்கு முட்டையிடுமுன் வெயில் அதைத் தடுக்கின்றது. நாள் மறவாமைக்கு அமாவாசை துணை செய்கின்றது.

(ஈ) காய்கறி வித்துக்கள். அவரை, பூசணி, சுரை, கத்தரி ஆகியவற்றின் வித்துக்களைச் சாம்பலுடன் கலந்து, உலர்ந்த சுரைக்குடுக்கையில் அடைத்துப் பரணில் வைப்பர். இவ்வித்துக்கள் அளவில் சிறியவையாதலால் கணக்கில் வராமல் முதலில் மறைந்து போகின்றன. சோளத்திலும் கேழ்வரகிலும் ஊடுசாலாக விதைக்கும் மொச்சை, அவரை, கடுகு ஆகியவற்றின் நிலைமையும் இதுவே. ஒரு கைப்பிடி வித்தை அலட்சியம் செய்தால் ஒரு ரகமே அற்றுப்போகும்.

(உ) தானியக் குழிகள். முற்காலத்தில் தானியத்தைத் தரையடிக் குழிகளில் வைக்கோல் சுற்றி நிரப்பி மூடுவதுண்டு. குழிக்குள் காற்று அடைபட்டுப் பிராணவாயு குறைவதால் பூச்சிகள் மடியும். இம்முறை உணவுத் தானியத்திற்கே உரியது. அதன் உஷ்ணமும் ஈரமும் முளைப்புக்கு நல்லவையல்ல. உணவைக் குழியிலும் வித்தைப் பானையிலும் வைத்த முன்னோரின் பாகுபாடு ஆழ்ந்த அனுபவத்தின் பலனாகும். குழியைத் திறந்தவுடன் இறங்குவது உயிருக்கு அபாயம்; உள்ளே கரியமிலவாயு தேங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையில் விளக்கு அணைந்தால் அபாயம் நிச்சயம். விளக்கு எரிந்தாலும் அபாயமில்லை என்று சொல்வதற்கில்லை. ஆகவே குழியை வெகுநேரம் திறந்து காற்றாட விட்டு, மேலே துணையாட்கள் நிற்கும்போதே வேலை செய்தல் வேண்டும்.

6. பழமையில் திருத்தத்தக்கவை

பழைய வழக்கம் யாவும் குறையற்றது என்று கொள்வதும், யாவும் பயனற்றது என்று தள்ளுவதும் தவறே. சோளக் கதிரில் மணிக்குப் பதிலாகக் கரும்பொடி நிறையும் கரிப்பூட்டை நோய்க்குப் பழைய முறைகளில் உறுதியான பரிகாரம் இல்லை. நோயின் நுண்வித்துக்கள் நல்ல மணியின்மேல் ஒட்டிக்கொண்டிருந்து, அது முளைக்கும்போது தாமும் முளைத்து இளஞ்செடிக்குள் புகும். கிலோவிற்கு 4 கிராம் வீதம் கந்தகத் தூளைக் கலந்து விதைப்பது செலவு குறைந்த பரிகாரம். அவ்வாறு மருந்திட்ட வித்து மிஞ்சினால் மனிதருக்கோ மாட்டுக்கோ கோழிக்கோ கொடுக்கலாகாது.

கடையில் வாங்கிய வீரிய ஒட்டு மக்காச்சோளம், ஒட்டுக் கம்பு ஆகியவற்றிலிருந்து வித்தெடுப்பதும் தவறு. இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து பெற்ற வீரியம் முதல் தலைமுறைக்கே உரியது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து பயிர் நெட்டையும் குட்டையுமாக நிற்கும். வித்தெடுக்கத்தக்கவை நாட்டு ரகங்களும், ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட ஒட்டல்லாத ரகங்களுமே.

7. முளைப்புச் சோதனையும் இருப்பும்

மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி வளர்க்கும் ஊர்களில், விதைப்புக்குமுன் வித்தின் முளைப்பை ஊரார் கண்ணாற் காணும் வாய்ப்பு ஏற்படுகின்றது. ஆனால் எண்ணிப் பார்த்தாலன்றி அளவு தெரியாது. பொறுக்காமல் எடுத்த 100 மணிகளை ஈரத்துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் 8 அல்லது 10 நாட்கள் வைத்து, நேராக முளைத்தவற்றை எண்ண வேண்டும். 75-க்கு மேல் முளைத்தால் வழக்கமான அளவே விதைக்கலாம். 60 முளைத்தால் அளவைக் கூட்ட வேண்டும். 50-க்கும் குறைந்தால் அவ்வித்தை உணவுக்கோ தீவனத்திற்கோ மாற்றிவிடுவதே மேல். முளைப்புக் குறைந்த வித்தில் முளைத்த பயிரும் வலுவற்றதாகவே இருக்கும். இச்சோதனையைப் பட்டத்திற்கு ஒரு மாதம் முன்பே செய்தால்தான் வேறு வித்துத் தேட அவகாசம் கிடைக்கும்.

இருப்புக்கு விதி ஒன்றே: இரண்டு விதைப்புக்கு வேண்டிய வித்து எப்போதும் வீட்டில் இருத்தல் வேண்டும். ஏக்கருக்குச் சாமை 4 கிலோ, கொள்ளு 8 கிலோ என்று கொண்டால், இரண்டு ஏக்கர் காடுள்ள குடும்பத்துக்கு இருமுறை விதைக்கச் சாமை 16 கிலோவும் கொள்ளு 32 கிலோவும் போதும். இவற்றிற்கு இரண்டு மூன்று பெரிய பானைகள் வேண்டும், அவ்வளவே.

இவ்விதியின் அவசியத்தைத் தாது வருஷப் பஞ்சம் காட்டிற்று. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த அப்பஞ்சத்தில் சேலம் ஜில்லா பெரிதும் வாடியது. பசியால் வித்தையும் உண்டவர்களுக்கு மழை திரும்பியபோதும் துயரம் தீரவில்லை, விதைக்க ஒன்றுமில்லை. லண்டன் மாநகரில் மான்ஷன் ஹவுஸ் நிதியென்று திரட்டப்பட்ட பொருளிலிருந்து குடியானவர்களுக்கு விதையும் உழவு மாடும் வாங்கப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. 1941 முதல் 1944 வரை முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடு நகரத்தில், வாவிலோவ் திரட்டிய பயிர் வித்துக்களைக் காத்த ஊழியர்கள் சிலர் தானியத்தின் நடுவிலேயே பட்டினியால் மாண்டனர், வித்தை உண்ணவில்லை.

8. கிராமத்தார் செய்யத்தக்கவை

வித்துப் பானையின் பொறுப்புப் பெரும்பாலும் இல்லத்துப் பெண்களிடமே இருந்து வந்துள்ளது. எந்த வித்தை எந்த மாதம் வெயிலில் இட வேண்டும், எதற்குச் சாம்பல், எதற்கு இலை என்பவை ஏட்டில் எழுதப்படாமல் தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வந்தன. பிள்ளைகள் சேலத்திற்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்லும் இக்காலத்தில் அத்தொடர்ச்சி அறுபடுகின்றது. ஆதலால் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர் முதலியோர் பின்வருவனவற்றைச் செய்தல் நலம்.

முதலாவது, ஊர் வித்துப் பதிவேடு. ரகத்தின் பெயர், வைத்திருப்பவர், ஏற்ற மண், பட்டம், விளையும் நாட்கள், சிறப்புக் குணம், வைக்கும் முறை, உணவில் பயன் என்ற 8 கலங்கள் போதும். கிராமக் கணக்கில் பயிரின் பெயர் மட்டுமே எழுதப்படும், ரகம் எழுதப்படுவதில்லை. அக்குறையை இப்பதிவேடு நீக்கும். 2002-ம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி உள்ளாட்சி அமைப்புதோறும் மேலாண்மைக் குழு ஏற்படுத்தி, மக்கள் பதிவேடு எழுதுவதற்கு இடமுண்டு. அதிலேயே இதனைச் சேர்க்கலாம்.

இரண்டாவது, பொது வித்து வைப்பகம். ஊரார் சிறிது சிறிதாக வித்துச் சேர்த்து, தேவைப்பட்டவருக்குக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் சற்றுக் கூட்டித் திரும்பப் பெறலாம். திரும்பி வரும் வித்தைத் தூற்றி, முளைப்புச் சோதனை செய்த பின்பே சேர்க்க வேண்டும். ஒருவரது கரிப்பூட்டை ஊர் முழுவதும் பரவ அது வழியாகலாகாது. ஒவ்வொரு ரகமும் குறைந்தது மூன்று வீடுகளிலாவது இருக்கும்படி பங்கிட்டு வைத்தால், ஒரு வீட்டில் எலியோ தீயோ நஷ்டம் விளைத்தாலும் ரகம் அழியாது.

மூன்றாவது, சட்டம் தரும் உரிமையை அறிதல். 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி, குடியானவர் தம் வித்தைச் சேமிக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமையுடையவர். பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பெயரிட்டுப் பொட்டலமாக விற்பது மட்டுமே கூடாது. குடியானவர் தம் ரகத்தையும் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யலாம். இவ்விஷயங்களில் சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களைக் கலந்து ஆலோசிக்கலாம்.

நான்காவது, அரிய ரகங்களின் மாதிரியைப் புது தில்லியில் 1976-ல் ஏற்பட்ட தேசியப் பயிர் மரபுவளப் பணியகத்தில் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்தல். ஆயினும் குளிரறையில் வைத்த வித்து உயிரோடிருக்குமே ஒழிய, எந்தக் காட்டில் எந்த மழைக்கு அதை விதைப்பது என்பதைச் சொல்லாது. அவ்வறிவு ஆண்டுதோறும் விதைப்பவரிடத்தில்தான் நிலைக்கும். காட்டில் பத்தில் ஒரு பங்கிலேனும் உள்ளூர்ப் பயிர் வைப்பதே அதற்கு வழி.

9. முடிவுரை

மரவள்ளியும் மக்காச்சோளமும் வருவாய் தருபவை. அவற்றைக் கைவிடும்படி யாரும் சொல்வதற்கில்லை. எனினும் மழை தவறும் ஆண்டில் குடும்பத்துக்குக் கூழும் மாட்டுக்குத் தட்டையும் தரவல்லவை நாட்டுத் தானியங்களே. வருகிற ஆடிப்பட்டத்திற்கு முன் ஒவ்வொரு குடியானவரும் தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் எஞ்சியுள்ள வித்து எது என்று கேட்டறிந்து, 100 மணிகளை ஈரத்துணியில் இட்டுப் பார்க்க வேண்டும். முளைத்ததைச் சிறு பாத்தியிலேனும் விதைத்துப் பெருக்குவதும், அதனை வைத்திருந்த முதியவளிடம் அதன் குணங்களைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவதும் உடனே செய்யத்தக்க காரியங்களாம்.